ஒப்பாரியில் மட்டும் வரும் வேலைக் கணக்கு

நம்ம பக்கத்து ஊர்களில் ஒரு ஆள் வாழ்நாள் முழுக்க என்னென்ன வேலை பார்த்தார் என்று ஒருத்தர் வரிசையாகச் சொல்ல, ஊரே உட்கார்ந்து கேட்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். எழவு வீடு. கல்யாணப் பத்திரிகையில் பட்டமும் உத்தியோகமும் இருக்கும். கோயில் நன்கொடைப் பலகையில் பேரும் தொகையும் இருக்கும். எந்த மேட்டுக்காட்டை யார் வெட்டித் திருத்தினது, எந்தக் கிணத்துல யார் கமலை ஓட்டினது, கன்னு போட முடியாமல் தவித்த மாட்டுக்குப் பக்கத்தில் விடிய விடிய யார் உட்கார்ந்திருந்தது என்பதெல்லாம் ஒப்பாரியில் மட்டும்தான் வரும்.

ஒப்பாரியை வெறும் அழுகை என்று நாம் தள்ளிவிடுகிறோம். படித்த பிள்ளைகளுக்கு அது கேட்கவே கூச்சமாக இருக்கிறது. "எதுக்கு இப்படி ராகம் போட்டு அழுவுறாங்க, அமைதியா இருக்கக் கூடாதா?" என்று டவுனிலிருந்து வந்த பேரன் பேத்திகள் கேட்கிறார்கள். என் கருத்து வேறு. சம்பளம் வாங்காத உழைப்புக்கு நம்ம ஊர் வைத்திருந்த ஒரே மஸ்டர் ரோல் அதுதான். அது போய்விட்டால் அந்த உழைப்பு நடந்ததற்கே சாட்சி இருக்காது.

ஒப்பாரி எப்படி நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். செத்தவரைப் பற்றிப் பேசாமல், செத்தவரிடமே பேசுவார்கள். உறவு முறை சொல்லிக் கூப்பிடுவார்கள். பிறகு அந்த ஆளின் சாமான்கள் ஒவ்வொன்றாக வரும். கலப்பை வரும், மண்வெட்டி வரும், மாடு வரும், களம் வரும், குதிர் வரும். மரக்கலப்பை பாட்டில் தங்கக் கலப்பை ஆகிவிடும், தும்புக்கயிறு பட்டுக்கயிறு ஆகிவிடும். இருந்தது ரெண்டு குறுக்கம் மானாவாரி என்றாலும் பாட்டில் அது கண்ணுக்கெட்டின வரை விரியும். பொய்தானே என்று கேட்கலாம். அளவுதான் பொய். எந்தச் சாமானை அந்த ஆள் கையில் பிடித்தார் என்பது பொய் இல்லை. கலப்பையே பிடிக்காத ஆளுக்குத் தங்கக் கலப்பை பாட எந்தக் கிழவிக்கும் வாய் வராது. நெசவாளிக்குத் தறியும், ஆடு மேய்த்தவருக்குப் பட்டியும், பனை ஏறினவருக்குப் பாளை அருவாளும்தான் வரும்.

இதில் ஓய்வு என்கிற சங்கதியும் இருக்கிறது. இப்போது செல்போனில் சாவுச் செய்தி வந்த உடனே எல்லோரும் "ஆர்.ஐ.பி." என்று அடிக்கிறார்கள். அமைதியாக இளைப்பாறு என்று அர்த்தம். அது வேறு ஒரு மதத்தில், கல்லறைக்கு முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பழகின வாசகம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஒப்பாரி பாடுகிற கிழவி செத்தவரை இளைப்பாறச் சொல்வதே இல்லை. அவள் எழுப்புகிறாள். பொழுது விடிஞ்சு இவ்வளவு நேரம் ஆச்சு, நீ படுத்துப் பார்த்ததே இல்லையே, மாடு கத்துது, மடைக்குத் தண்ணி வந்துருச்சு, இன்னும் என்ன தூக்கம் என்று கேட்கிறாள். பகலில் படுக்காத மனுஷன் பகலில் படுத்திருக்கிறார் என்பதுதான் அங்கே சாவுக்கு அடையாளம். டாக்டர் நாடி பார்த்துச் சொல்கிறார். கிழவி கட்டிலைப் பார்த்துச் சொல்கிறாள்.

இது அழகாக இருக்கிறது என்று சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. உயிரோடு இருக்கும்போது பகலில் ஒரு மணி நேரம் கால் நீட்டிப் படுக்க முடியாத வாழ்க்கை ஒன்று இருந்தது, இன்னும் இருக்கிறது என்பதற்கு அந்தப் பாட்டு சாட்சி. விவசாயியின் உழைப்பைப் புகழ்கிற கூட்டங்களில் "ஓய்வறியா உழைப்பாளி" என்று பேசுவார்கள், கைதட்டுவார்கள். ஓய்வு தெரியாமல் போனது பெருமையா, கொடுமையா என்று யாரும் கேட்பதில்லை. எழவு வீட்டில் மட்டும் அது கொடுமையாகவே சொல்லப்படுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஊரில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கிற வரை ஏர் பூட்ட மாட்டார்கள், நாத்து நட இறங்க மாட்டார்கள். எழவு வீட்டில் அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள், சோறு சொந்தக்காரர் வீட்டிலிருந்து வரும். அதாவது பட்டப்பகலில், கையில் எந்த வேலையும் இல்லாமல், பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிற நாள் நம்ம ஊரில் அது ஒன்றுதான். தீபாவளியா, பலகாரம் சுடணும். பொங்கலா, வீடு மெழுகணும். திருவிழாவா, விருந்தாளிக்கு ஆக்கிப் போடணும். அடுத்தவர் சாவுதான் அவளுக்கு விடுமுறை. அப்படி உட்கார்ந்தவள் ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு பாடும்போது செத்தவருக்காக மட்டும் பாடுவாளா? தன் கதையும் சேர்ந்துதான் வரும். தமிழ்நாட்டு ஒப்பாரியை ஊரூராகக் கேட்டு ஆராய்ந்த இசபெல் கிளார்க் டெசே என்கிற மானிடவியல் ஆய்வாளர் 2005-ல் வந்த தன் புத்தகத்துக்குச் செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்கிற பொருளில் தலைப்பு வைத்தார். பெண்கள் தங்கள் சொந்தக் குறையைச் சொல்லித்தான் அழுகிறார்கள் என்று அவர் கண்டது நம்ம ஊர்ப் பெண்களுக்குப் புதுச் செய்தி இல்லை. அவர்களே சிரித்துக்கொண்டு ஒத்துக்கொள்வார்கள்.

செத்தவரைப் பாடும்போது வேலையைச் சொல்கிற வழக்கம் நேற்று வந்ததும் இல்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகல் ஒன்று ஆநிரை கவர்ந்த சண்டையில் செத்தவனுக்கு நட்டது. தமிழ் பிராமி எழுத்து, ரெண்டாயிரம் வருஷத்துக்குக் குறையாத பழசு என்கிறார்கள். அதில் இருப்பது ஆள் பேர், ஊர், எந்தச் சண்டை என்பது மட்டும்தான். அந்தச் சின்னக் கல்லில்கூட, என்ன செய்யும்போது செத்தான் என்பதற்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

புறநானூற்றின் 400 பாட்டில் சாவுப் பாட்டுகள் நிறைய. நம்ம புதுக்கோட்டைப் பக்கத்துக்கு உறவான ஒன்றும் அதில் இருக்கிறது. 242-ஆம் பாட்டு. ஒல்லையூர் பெருஞ்சாத்தன் செத்த பிறகு குடவாயில் கீரத்தனார் பாடியது. ஒல்லையூர் என்பது இன்றைய ஒலியமங்கலம் என்பார்கள். சூட ஆள் இல்லாத ஊரில் முல்லை பூத்து நிற்பதைப் பார்த்து, அந்தச் செடியிடம் ஒரு கேள்வி கேட்கிறார் புலவர். அவ்வளவுதான் பாட்டு. சாவுக்கு மறுநாளும் செடி தன் வேலையைப் பார்க்கிறது என்பதை விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பதினாறு முடிகிற வரை களை நமக்காகக் காத்திருக்காது.

அதே தொகுப்பில் 249-ஆம் பாட்டு தும்பைச் சொகினனார் பாடியது. பெரிய நாட்டுக்குச் சொந்தக்காரனான தலைவன் செத்துப்போகிறான். அவன் மனைவி சுளகு அகலத்துக்கு ஒரு சின்ன இடத்தை மெழுகுகிறாள், அவனுக்குச் சோறு படைக்க. சாணியைக் கரைக்க அவள் கண்ணீரே தண்ணீராக இருக்கிறது. நான் இதைப் படிக்கும்போதெல்லாம் நினைப்பது இதுதான். ஆண் செத்தால் அவன் வேலை நின்றுவிடுகிறது. அவளுக்கு அப்போதும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. மெழுகணும். அழுதுகொண்டே மெழுகணும்.

256-ஆம் பாட்டை எழுதியவர் பேரே தெரியவில்லை. கணவனை இழந்தவள் குயவரிடம் பேசுகிறாள். தாழி வனைவதாக இருந்தால் எனக்கும் சேர்த்து அகலமாக வனை என்கிறாள். அவள் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற உவமைதான் என்னை உட்கார வைத்துவிட்டது. வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு, வண்டி போன தூரமெல்லாம் கூடவே போன சின்ன வெள்ளைப் பல்லி மாதிரி இவனோடு சுரம் பல கடந்து வந்தவள் நான் என்கிறாள். மாட்டுவண்டி வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பல்லியைத் தெரியும். வண்டியை ஓட்டுவது அது இல்லை. எங்கே போகணும் என்று முடிவு பண்ணுவதும் அது இல்லை. ஆனால் சுற்றின சுற்று அத்தனையும் அது சுற்றியிருக்கிறது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண்ணுக்கு அடையாளம் என்ன என்று கேட்டால், பதில் அந்தப் பல்லி. இன்றைக்குக் கேட்டாலும் பதில் பெரிதாக மாறியிருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

பட்டினத்தாரை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் துறந்தவர், தாய்க்குக் கொள்ளி வைக்க மட்டும் திரும்பி வந்தார் என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. அவர் தாய்க்குப் பாடியதிலும் வேலைக் கணக்குத்தான் இருக்கிறது. சுமந்தது, பெற்றது, பால் கொடுத்தது, தொட்டிலில் இட்டது. உருக்கமான பாட்டு, கேட்டால் யாருக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் அந்தக் கணக்கில் இருப்பதெல்லாம் மகனுக்காகச் செய்த வேலை மட்டும்தான். அந்த அம்மா வேறு என்ன செய்தார், எதில் கெட்டிக்காரர், எதற்குச் சிரிப்பார் என்பது தெரியவில்லை. ஆம்பிளை பாடுகிற அம்மா பாட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான். பெண் பாடுகிற ஒப்பாரியில்தான் அம்மா விதை பொறுக்கினதும், கடன்காரனிடம் வாசலில் நின்று பேசினதும், நாத்தனாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் வரும்.

இப்போது ஃபிளெக்ஸுக்கு வருவோம். நம்ம முக்கத்தில் மாதம் நாலு "கண்ணீர் அஞ்சலி" தொங்குகிறது. ஆள் பேர், தோற்றம், மறைவு, பெரிய போட்டோ, பின்னால் அருவி அல்லது மேகம். கீழே வருந்துகிறவர்கள் பட்டியல், கட்சிப் பொறுப்போடு. செத்தவர் ஒன்றியப் பிரதிநிதியாக இருந்தால் அது இருக்கும். நாற்பது வருஷம் கடலை போட்டவர் என்றால் அது இருக்காது. பெண் என்றால் "இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார்". ஒப்பாரியில் பேர் இருக்காது, வேலை இருக்கும். ஃபிளெக்ஸில் பேர் இருக்கும், வேலை இருக்காது. ரெண்டில் ஒன்றைத்தான் கொடுப்போம் என்று பிடிவாதமாக இருக்கிறோம்.

ஐஸ் பெட்டி வந்த பிறகு இன்னொரு மாற்றம். வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேர உடம்பைக் காக்க வேண்டியிருக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறவரின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தக் கை இன்னது செய்ததே என்று பாட முடிவதில்லை. கூடவே மைக் வைத்துப் பாடக் கூலிக்கு ஆள் வருகிறார்கள். பாட்டுத் திறமை அவர்களிடம் நிறையவே இருக்கிறது. செத்தவரைத் தெரியாது, அவ்வளவுதான். பேரை மாற்றிப் போட்டுக்கொண்டால் எந்த வீட்டுக்கும் பொருந்துகிற பாட்டு அது.

இதைச் சொல்லும்போது இன்னொரு உண்மையையும் சொல்லியாகணும். பழைய எழவு வீடு எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்ததில்லை. பறை அடிக்கவும், எழவு சொல்ல ஊர் ஊராக நடக்கவும், குழி வெட்டவும், மேல்சாதி வீட்டு வாசலில் மாரடிக்கவும் சேரி மக்களைக் கட்டாயப்படுத்தினது இதே ஊர்கள்தான். அடுத்தவர் சாவைப் பாடுவதே சிலருக்கு மறுக்க முடியாத வேலையாக இருந்தது. சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று பல ஊர்களில் போராட்டமே நடந்தது, நியாயமான போராட்டம். அதனால் "அந்தக் காலத்து எழவு வீடு மாதிரி வருமா" என்று நான் ஏங்கவில்லை. கட்டாயம் போகணும். கூலிக்குப் பாடுகிறவர்கள் கேட்கிற கூலியை மரியாதையோடு கொடுக்கணும். ஆனால் வேலையைச் சொல்கிற வழக்கம் மட்டும் மிஞ்சணும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒப்பாரி விட்ட இடத்தை வேறு எந்த ஏடும் பிடிக்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வருஷத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை பார்த்தால்தான் முழு வேலையாள். முக்கியமாக என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் நம்ம பெண்கள் பழக்கத்தில் "வீட்லதான் இருக்கேன்" என்கிறார்கள். வீட்டு வேலை என்று பதிந்தால் வேலை செய்யாதவர் கணக்கு. களை எடுத்தது, கடலை ஆய்ந்தது, பால் கறந்தது எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போய்விடுகிறது. 2019-ல் நாடு முழுக்க நடத்தின நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவழிக்கிறார், ஆண் 97 நிமிடம் என்று வந்தது. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். இதற்கு மேல்தான் அவளுக்குக் காடு.

நிலத்துக்கு வந்தால் இன்னும் மோசம். பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் விவசாயி. பி.எம். கிசானில் வருஷம் 6,000 ரூபாய், மூன்று தவணையாக வருகிறது. நிலப் பதிவில் பேர் இருக்கிற குடும்பத்துக்குத்தான் அது. நிலமே இல்லாமல் குத்தகைக்கும் கூலிக்கும் உழுகிறவர் அதில் வரமாட்டார். புருஷன் பட்டாவில் உழைக்கிறவளுக்கு விவசாயி என்கிற பேர் வராது. மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டத் திருத்தம் வந்தது, மத்தியச் சட்டத்தில் 2005-ல் வந்தது. இன்றைக்கும் பத்திர ஆபீசில் நடப்பது "தங்கச்சி விட்டுக் கொடுத்துருச்சு" என்கிற விடுதலைப் பத்திரம்தான். அப்படி விட்டுக் கொடுத்த தங்கச்சி, அண்ணன் செத்தபோதோ அம்மா செத்தபோதோ பிறந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து என்ன பாடுகிறாள் என்று கவனித்துக் கேளுங்கள். தன் கை பட்டு விளைந்த காடு இனி அவளைத் தெரியாத காடாகிவிட்டதைப் பாடுவாள். அதை ராகம் என்று கேட்டுவிட்டு நகர்கிறோம். அது ஒரு மனு.

இந்தக் கணக்கில் கொஞ்சம் மாற்றம் கொண்டுவந்தது நூறு நாள் வேலை. அந்தச் சட்டம் 2005-ல் வந்த பிறகுதான் பல பெண்களுக்குத் தன் பேர், தான் பார்த்த வேலை, அதற்கான கூலி மூன்றும் ஒரே தாளில் வந்தது. அந்த அட்டையைப் பெட்டியில் துணிக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிற கிழவிகளை எனக்குத் தெரியும். காசுக்காக மட்டும் அப்படி வைத்திருக்கவில்லை. 2023 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் தருகிற திட்டத்துக்கு "உரிமைத் தொகை" என்று பேர் வைத்ததும் எனக்குப் பிடித்தது. தொகை பத்துமா என்பது வேறு பேச்சு. அந்த வார்த்தையில் அவள் வேலை செய்கிறாள் என்கிற ஒப்புதல் இருக்கிறது.

"சாவுக்குப் பாடுறது எல்லாம் புகழ்ச்சிதானே, குடிச்சு அழிச்சவனையும் ராசா என்றுதானே பாடுகிறார்கள்" என்று ஒரு கேள்வி வரும். வரட்டும். ஆனால் நிதானமாகக் கேட்டவர்களுக்குத் தெரியும், அந்த ராசாவுக்குள் குத்தல் இருக்கும். கடை வாசலில் கிடந்ததும் வரும், அடகு போன தோடும் வரும். பாராட்டுக் கூட்டத்தில் சொல்ல முடியாததை அழுகைக்குள் வைத்துச் சொல்லிவிடலாம் என்பதுதான் அந்தப் பாட்டின் கெட்டிக்காரத்தனம். அழுகிறவளை யாரும் அதட்ட முடியாது.

எனக்குத் தோன்றுகிற சில காரியங்களைச் சொல்கிறேன். பெரிய செலவு இல்லாதவை.

வீட்டில் பாடத் தெரிந்த கிழவி இருந்தால், அவர் சம்மதித்தால், செல்போனில் பதிந்து வையுங்கள். சாவில்லாத நேரத்தில் வீட்டுக்குள் பாடக் கூடாது என்பார்கள். களத்துமேட்டிலோ தோட்டத்திலோ உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம். பாட மாட்டேன் என்றால், யாருக்கு என்ன வேலை சொல்லிப் பாடினார் என்று கதையாகவாவது கேளுங்கள்.

ஃபிளெக்ஸ் அடிக்கிறவர்கள் பேருக்குக் கீழே ஒரு வரி சேர்க்கலாம். "விவசாயி" என்று. பெண்ணாக இருந்தாலும் "விவசாயி" என்று. அந்த அருவிப் படத்துக்குப் பதில் அவர் உழுத காட்டின் படத்தைப் போடலாம், செலவு ஒன்றுதான். கருமாதி பத்திரிகையில் சாமி படத்துக்குக் கீழே நாலு வரி இடம் எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது. அவர் எந்த வருஷம் எந்தக் காட்டைத் திருத்தினார், எந்த விதையைக் காப்பாற்றி வைத்திருந்தார் என்று அதில் எழுதலாம்.

இதெல்லாம் செத்த பிறகு. உயிரோடு இருக்கும்போது செய்ய வேண்டியது ரெண்டு இருக்கிறது. ஒன்று, பட்டாவில் அவள் பேரையும் சேர்ப்பது. கூட்டுப் பட்டா என்றால் நாளைக்குச் சிக்கல் வரும் என்று பயப்படுகிறவர்கள், பேரே இல்லாமல் ஒருத்தி ஐம்பது வருஷம் உழைத்ததில் இருக்கிற சிக்கலையும் சேர்த்து யோசிக்கணும். ரெண்டாவது, பகலில் ஒரு மணி நேரம் அவள் படுத்தால் யாரும் ஒன்றும் கேட்காமல் இருப்பது. "என்ன, இந்நேரத்துல படுத்துட்ட?" என்று கேட்கிற வாய்தான், நாளைக்கு அவள் தலைமாட்டில் உட்கார்ந்து "நீ பகல்ல படுத்து நான் பார்த்ததே இல்லையே" என்று அழப்போகிறது.